செயற்கைக்கோள் படத்திலிருந்து விளைச்சலைக் கணிக்க: புதிதாக இறங்குபவர்களுக்குப் படிப்படியாக

செயற்கைக்கோள் படங்களையும் மெஷின் லேர்னிங்கையும் வைத்து, அறுவடைக்கு முன்பே ஒரு பயிரின் விளைச்சலைக் கணிக்கும் வேலையைக் கையில் எடுத்தபோது மூன்று மாதத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். பதினோரு மாதம் ஆனது. அதில் மாடலை, அதாவது பழைய எண்களிலிருந்து கற்றுக்கொண்டு கணிக்கும் நிரலை, உருவாக்க எடுத்தது ஒரு வாரம்கூட இல்லை. மற்ற நாட்களெல்லாம் எடைக் கணக்கு, ஈரப்பதம், வயல் எல்லை, மேகம், தவறாகச் செய்த சோதனை என்று போய்விட்டன. இவற்றில் பாதியையாவது முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் ஒரு பருவத்தை மிச்சப்படுத்தியிருப்பேன். அந்தப் பருவம் உங்களுக்கு வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பைத்தானில் ஓரளவு எழுதத் தெரியும், வரைபட மென்பொருளை ஒரு தடவையாவது திறந்து பார்த்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. பயிர், அளவு, நாள்: மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள்

எந்தப் பயிர்? ஒவ்வொரு வயலுக்கும் தனித்தனியாகவா, ஒரு மாவட்டத்துக்கு மொத்தமாகவா? அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு எண் கையில் இருக்க வேண்டும்? இந்த மூன்றுக்கும் பதில் எழுதாமல் ஒரு படத்தைக்கூட இறக்காதீர்கள்.

மூன்றாவது கேள்வியைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். அறுவடைக்கு 40 நாள் முன்பு கணிப்பு வேண்டுமென்றால், அந்த நாளுக்குப் பிறகு எடுத்த எந்தப் படமும், பெய்த எந்த மழையும் மாடலுக்குள் போகக் கூடாது. பழைய ஆண்டுகளை வைத்து மாடலைப் பழக்கும்போது எல்லாத் தேதிப் படங்களும் கையில் இருக்கும். அதனால் தெரியாமலே கடைசி மாதப் படமும் உள்ளே போய்விடும். சோதனையில் மாடல் பிரமாதமாகத் தெரியும், உண்மையான பருவத்தில் கைவிட்டுவிடும்.

முதல் முயற்சிக்கு மாவட்ட அளவையே பரிந்துரைப்பேன். பல இடங்களில் அரசுப் புள்ளிவிவரம் 15, 20 ஆண்டுகளுக்குக் கிடைக்கும். வயல் அளவில் அத்தனை ஆண்டு எண்கள் யாரிடமும் இருப்பது அரிது.

2. விளைச்சல் எண்களைச் சேருங்கள், சேர்த்ததும் சந்தேகப்படுங்கள்

மொத்த வேலையில் பாதி நேரம் இங்கேதான் போக வேண்டும். மாடல் கற்றுக்கொள்வது இந்த எண்களைத்தான். இவை பிழையாக இருந்தால் எந்தச் செயற்கைக்கோளும் அதைச் சரிசெய்யாது.

எண்கள் நான்கு வழியில் கிடைக்கும்: அரசுப் புள்ளிவிவரம், வயலில் ஒரு சிறு சதுரத்தை அறுத்து எடை பார்க்கும் பயிர் அறுவடைச் சோதனை, அறுவடை இயந்திரத்திலேயே பொருத்திய எடைமானி, விவசாயி நினைவிலிருந்து சொல்வது. கடைசியில் சொன்னது முழு எண்ணாகத்தான் வரும். மூட்டைக் கணக்கில் சொன்னால் ஒரு மூட்டை எத்தனை கிலோ என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து ஈரப்பதம். அறுத்த அன்று எடை போட்டதையும், காயவைத்து எடை போட்டதையும் அட்டவணையின் ஒரே பத்தியில் (column) கலந்து வைத்திருந்தேன். ஒரு ஹெக்டேருக்கு 5000 கிலோ, ஈரப்பதம் 22 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 14 சதவீத ஈரப்பதத்துக்கு மாற்ற, 5000-ஐ 78-ஆல் பெருக்கி 86-ஆல் வகுக்க வேண்டும். 4535 கிலோ வரும். வயலில் எதுவும் மாறவில்லை, காகிதத்தில் மட்டும் 465 கிலோ குறைந்துவிட்டது. ஒரு நல்ல மாடலின் பிழையே பல இடங்களில் இந்த அளவுதான் இருக்கும். ஆகவே ஒவ்வொரு எடைக்கும் பக்கத்தில் ஈரப்பதம் எத்தனை என்ற பத்தி கட்டாயம் வேண்டும். அது தெரியாத வரிகளைத் தனியாக ஒதுக்கிவையுங்கள்.

நெல்லாக இருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சில அட்டவணைகள் நெல் எடையைத் தரும், சில அரைத்த அரிசி எடையைத் தரும். அரிசி என்பது நெல்லில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. இரண்டும் கலந்தால் திடீரென்று ஒரு மாவட்டத்தில் விளைச்சல் சரிந்ததுபோல் தெரியும்.

பரப்பளவையும் விசாரியுங்கள். விதைத்த பரப்பால் வகுத்தார்களா, அறுத்த பரப்பால் வகுத்தார்களா? வெள்ளத்திலோ வறட்சியிலோ பாதி நிலம் அழிந்த ஆண்டில் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும். நாம் கணிக்க ஏங்குவதே அந்த மாதிரி ஆண்டைத்தான்.

அறுவடைச் சோதனைச் சதுரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வழக்கமாக 5 மீட்டருக்கு 5 மீட்டர் அறுப்பார்கள். நாம் பயன்படுத்தப்போகும் படத்தில் ஒரு பிக்சலே 10 மீட்டருக்கு 10 மீட்டர். அதாவது ஒரு பிக்சலில் கால் பங்குதான் அந்தச் சதுரம். ஒரு வயலில் குறைந்தது மூன்று இடங்களில் அறுத்துச் சராசரி எடுங்கள். சதுரத்தில் சிந்தாமல் சிதறாமல் பொறுக்கி எடுப்பதால், விவசாயியின் கைக்கு வரும் விளைச்சலைவிட அது கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். இரண்டு வகை எண்களையும் கலக்காதீர்கள்.

ஆண்டின் பெயரும் குழப்பும். அக்டோபரில் விதைத்துப் பிப்ரவரியில் அறுக்கும் பயிரை ஒரு அட்டவணை விதைத்த ஆண்டில் போடும், இன்னொன்று அறுத்த ஆண்டில் போடும். ஒரு வருடம் தள்ளிப்போன எண்களை வைத்து இரண்டு வாரம் மாடலைப் பழக்கியிருக்கிறேன். இப்போதெல்லாம் ஆண்டு என்ற ஒற்றைப் பத்தியே வைப்பதில்லை. விதைத்த தேதி, அறுத்த தேதி என்று இரண்டு பத்திகள் வைக்கிறேன்.

3. வயல் எல்லை: வாசலில் குத்திய புள்ளி வயல் ஆகாது

மாவட்ட அளவில் வேலை செய்தால் நிர்வாக எல்லைக் கோப்பும், எங்கே பயிர் நிலம் என்று காட்டும் வரைபடமும் போதும். ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் வேர்ல்ட்கவர் வரைபடம் 2020, 2021 ஆண்டுகளுக்கு 10 மீட்டர் அளவில் உலகம் முழுவதற்கும் இலவசமாக இருக்கிறது. ஆனால் அது பயிர் நிலம் என்று மட்டும்தான் சொல்லும், என்ன பயிர் என்று சொல்லாது.

வயல் அளவில் செய்தால் எல்லையைக் கோடாக வரைந்தே ஆக வேண்டும். எங்களுக்கு வந்த புள்ளிகளைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தபோது பல புள்ளிகள் சாலையின் மேல் உட்கார்ந்திருந்தன. களத்துக்குப் போனவர் வண்டியை நிறுத்திய இடத்திலேயே கைப்பேசியில் இடத்தைப் பதிந்திருக்கிறார். ஒரு புள்ளி மரத்தோப்புக்குள் இருந்தது. மரம் ஆண்டு முழுவதும் பச்சை. அந்த “வயல்” எப்போதும் செழிப்பாகவே தெரிந்தது. ஒவ்வொரு எல்லையையும் தெளிவான படத்தின் மேல் வைத்துக் கண்ணால் பாருங்கள். 200 வயல் என்றால் ஒரு நாள் வேலை, அவ்வளவுதான். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் இடம்மாறி வந்திருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

எல்லையை வரைந்ததும் உள்பக்கமாக 10 மீட்டர் சுருக்குங்கள். ஓரப் பிக்சலில் வரப்பும் பக்கத்து வயலும் கலந்திருக்கும். சுருக்கியபின் எத்தனை பிக்சல் மிஞ்சும் என்று கணக்குப் பாருங்கள். 100 மீட்டர் பக்கமுள்ள ஒரு ஹெக்டேர் வயலில் 64 மிஞ்சும். 50 மீட்டர் பக்கமுள்ள கால் ஹெக்டேரில் 9 மட்டும்தான் மிஞ்சும். அதைவிடச் சிறிய வயல்களை விட்டுவிடுவதே நல்லது. இல்லையென்றால் ஒரே பயிருள்ள பக்கத்து வயல்களைச் சேர்த்து ஒரு தொகுதியாக்குங்கள்.

4. அனுமதி, கணக்கு, செலவு

பின்னால் சிக்கல் தரக்கூடிய காகிதங்கள் மூன்று. முதலாவது, வயல் எல்லையையும் விளைச்சலையும் தந்த விவசாயியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல். எதற்குப் பயன்படும், யாரிடம் போகும், வெளியே காட்டும்போது பெயரும் இடமும் மறைக்கப்படுமா என்பதெல்லாம் அவருக்குப் புரியும் மொழியில் அதில் இருக்க வேண்டும். தன் நிலத்தின் விளைச்சல் எண்ணை ஒருவர் நம்பிக் கொடுக்கிறார். கடன், காப்பீடு, குத்தகை எல்லாவற்றையும் அந்த எண் தொடும் என்பதை மறக்காதீர்கள். இரண்டாவது, ஒரு நிறுவனத்திடமிருந்து எண்கள் வாங்கினால் தரவுப் பயன்பாட்டு ஒப்பந்தம். கையெழுத்துக்கு எடுக்கும் காலத்தை வாரத்தில் எண்ணாமல் மாதத்தில் எண்ணுங்கள், முதல் நாளே விண்ணப்பியுங்கள். மூன்றாவது, படங்களுக்கான உரிம வாசகம். ஐரோப்பாவின் கோப்பர்னிகஸ் திட்டத்துச் செயற்கைக்கோள்களான சென்டினலின் படங்களை மாற்றிப் பயன்படுத்தி வெளியிட்டால், மாற்றப்பட்ட கோப்பர்னிகஸ் சென்டினல் தரவு அடங்கியது என்று ஆண்டோடு குறிப்பிட வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை படங்களுக்குப் பணமே தேவையில்லாமல் முடிக்கலாம். சென்டினல், அமெரிக்காவின் லேண்ட்சாட், மோடிஸ் மூன்றின் படங்களும் இலவசம். செயற்கைக்கோள் படங்களை இறக்காமல் இணையத்திலேயே கணக்கிட உதவும் கூகுள் எர்த் எஞ்சின் வணிகம் சாராத ஆய்வுக்கும் கல்விக்கும் இலவசம், வணிகத்துக்குக் கட்டணம். பதிவு செய்யும்போது எந்த வகை என்று கேட்பார்கள், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். உண்மையான செலவு களத்தில்தான்: பயணம், எடை பார்க்க ஆள், ஈரப்பதமானி. பட்ஜெட் போடும்போது பெரும் பங்கை அங்கே வையுங்கள். தனியார் நிறுவனங்களின் 3 மீட்டர் படங்களை முதல் பருவத்தில் வாங்க வேண்டாம். பெரும்பாலும் குறைந்தபட்சப் பரப்பு என்று ஒன்று வைத்திருப்பார்கள், உங்கள் நான்கு வயலுக்காக பெரிய பகுதிக்கே பணம் கட்ட நேரும்.

5. செயற்கைக்கோளைத் தேர்ந்தெடுங்கள்

வயல் அளவுக்கு சென்டினல்-2. முதல் செயற்கைக்கோள் 2015 ஜூனிலும் இரண்டாவது 2017 மார்ச்சிலும் ஏவப்பட்டன. 2025 ஜனவரியில் முதலாவதன் இடத்தை சென்டினல்-2சி எடுத்துக்கொண்டது. இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து 5 நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படமெடுக்கும். ஒளியை நிறவாரியாகப் பிரித்துப் பதியும் பட்டைகள் மொத்தம் 13, அவற்றில் நான்கு 10 மீட்டர் அளவில் உள்ளன. மாவட்ட அளவுக்கும் நீண்ட வரலாற்றுக்கும் மோடிஸ்: 250 மீட்டர், 16 நாள் தொகுப்பு, 2000 முதல். இரண்டுக்கும் நடுவே 30 மீட்டர் அளவில் லேண்ட்சாட். மழைக்காலப் பயிராக இருந்து வாரக்கணக்கில் வானமே தெரியாது என்றால், மேகத்தை ஊடுருவும் ரேடார் கொண்ட சென்டினல்-1-ஐயும் சேருங்கள். ஆனால் அதை முதல் நாளே தொடாதீர்கள். ரேடார் எண்களைப் புரிந்துகொள்வது தனிப் படிப்பு.

படங்களை முழுதாக இறக்கிக் கணினியில் வைத்துச் செய்யலாமா? சென்டினல்-2 படங்கள் சதுரக் கட்டங்களாகப் பிரித்து வரும், ஒரு கட்டத்தின் ஒரு படம் ஏறத்தாழ ஒரு ஜிபி வரை வரும். ஐந்து மாதப் பருவத்துக்கு 30 படம், ஐந்து ஆண்டுக்கு 150 படம். ஒரே ஒரு கட்டத்துக்கு இவ்வளவு. எர்த் எஞ்சினிலேயே வயல்வாரிச் சராசரியைக் கணக்கிட்டு அட்டவணையாக இறக்கினால் சில எம்பிதான். அப்படிச் செய்யும்போது பிக்சல் அளவு 10 மீட்டர் என்று நீங்களே குறிப்பிடுங்கள். அதைச் சொல்லாமல் விட்டால் சில சமயம் மிகப் பெரிய பிக்சலில் கணக்கிட்டு, பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் எண்ணைக் கொடுத்துவிடக்கூடும்.

6. மேகத்தை நீக்குங்கள், 2022-ஐ கவனியுங்கள்

வளிமண்டலத் திருத்தம் செய்த எல்2ஏ படங்களையே எடுங்கள். அவற்றோடு, ஒவ்வொரு பிக்சலும் என்ன வகை என்று எண்ணால் சொல்லும் எஸ்.சி.எல். என்ற வகைப்பாட்டுப் பட்டை வரும். 3 என்றால் மேக நிழல், 8, 9 மேகம், 10 மெல்லிய உயர் மேகம். இவற்றை நீக்குங்கள். மெல்லிய மேகம் இதிலும் தப்பிவிடும். எர்த் எஞ்சினில் ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு தெளிவு என்று மதிப்பிடும் கிளவுட் ஸ்கோர் பிளஸ் என்ற தரவு இருக்கிறது, எனக்கு அது நன்றாக உதவியது. அப்புறம், படத்தில் மேகம் இத்தனை சதவீதம் என்ற எண்ணை வைத்துப் படத்தையே தூக்கிப் போடாதீர்கள். 60 சதவீத மேகமுள்ள படத்திலும் உங்கள் வயல் வெயிலில் இருக்கலாம்.

இப்போது மிக முக்கியமான எச்சரிக்கை. 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 எண்கள் ஒவ்வொன்றிலும் 1000 கூட்டித் தரப்படுகிறது. பிரதிபலிப்பை, அதாவது விழுந்த ஒளியில் எத்தனை பங்கு திரும்பி வந்தது என்பதைக் காண, முதலில் 1000-ஐக் கழித்துவிட்டுத்தான் 10000-ஆல் வகுக்க வேண்டும். செழிப்பான ஒரு வயலை எடுத்துக்கொள்ளுங்கள்: சிவப்பு 400, அகச்சிவப்பு 4000. பசுமைக் குறியீடான என்.டி.வி.ஐ. என்பது இரண்டின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுப்பது. 3600-ஐ 4400-ஆல் வகுத்தால் 0.82. அதே வயல், அதே பச்சை, 1000 கூடிய எண்களில் 1400, 5000 என்று வரும். 3600-ஐ 6400-ஆல் வகுத்தால் 0.56. எங்கள் அட்டவணையில் 2022-க்குப் பிறகு எல்லா வயல்களும் ஒன்றாக வாடிப்போயிருந்தன. மழை நன்றாகப் பெய்த ஆண்டு அது. காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது.

எர்த் எஞ்சினில் ஹார்மனைஸ்டு என்று பெயரிட்ட தொகுப்பை எடுத்தால் இது ஏற்கெனவே சரிசெய்யப்பட்டிருக்கும். நேரடியாக இறக்கினால் தேதியை மட்டும் நம்பாதீர்கள். பழைய படங்களையும் மறுபடி செயலாக்கி வெளியிட்டிருக்கிறார்கள், அவற்றிலும் அந்த 1000 இருக்கும். கோப்பின் பெயரில் நான்கு இலக்கச் செயலாக்க எண் இருக்கும். அது 0400 அல்லது அதற்கு மேல் என்றால் கழிக்க வேண்டும்.

7. வானிலையைச் சேருங்கள்

மழைக்கு சிர்ப்ஸ் என்ற தரவுத் தொகுப்பு, 1981 முதல் கிடைக்கிறது. வெப்பத்துக்கும் மண் ஈரத்துக்கும் ஈரா5-லேண்ட் என்ற தொகுப்பு, 1950 முதல். இரண்டும் இலவசம். வயலைவிடப் பெரிய கட்டங்களில் வருவதால் பக்கத்துப் பக்கத்து வயல்களை வேறுபடுத்தாது, ஆண்டுக்கு ஆண்டு வேறுபாட்டைச் சொல்லும். நமக்கும் அதுதான் வேண்டும்.

8. படங்களை எண்களாக்குங்கள்

ஒவ்வொரு வயலுக்கும் நாள்வாரிப் பசுமைக் கோடு ஒன்று கிடைக்கும். விதைப்புக்குப் பின் மெல்ல ஏறி, உச்சம் தொட்டு, முதிரும்போது இறங்கும். நாட்காட்டித் தேதிப்படி வைத்தால், 20 நாள் தாமதமாக விதைத்தவரின் பயிர் நலிந்த பயிராகத் தெரியும். விதைத்த நாளிலிருந்து எண்ணுங்கள். விதைத்த தேதி தெரியாவிட்டால் கோடு ஏறத் தொடங்கும் நாளை முதல் நாளாக வையுங்கள்.

தொடக்கத்துக்கு ஆறேழு எண்கள் போதும்: உச்சப் பசுமை, உச்சம் தொட்ட நாள், கோட்டுக்குக் கீழுள்ள பரப்பு, பூக்கும் காலத்துப் பசுமை, அந்தக் காலத்து மழை, கடும் வெப்ப நாட்களின் எண்ணிக்கை. இலைகள் அடர்ந்தபின் என்.டி.வி.ஐ. ஏறாமல் நின்றுவிடும். நல்ல வயலுக்கும் மிக நல்ல வயலுக்கும் வித்தியாசம் காட்டாது. அதற்கு, சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் இடைப்பட்ட ஒளியைப் பதியும் சென்டினல்-2-இன் சிவப்பு விளிம்புப் பட்டைகளைப் பயன்படுத்துங்கள். அவை 20 மீட்டர் அளவு, சிறிய வயலில் எச்சரிக்கை தேவை.

மேக இடைவெளியை நிரப்பக் கோட்டை வழவழப்பாக்குவோம். இங்கேயும் ஒரு பொறி. வழவழப்பாக்கும் முறைகள் முன்பின் இரண்டு பக்கப் புள்ளிகளையும் பார்க்கும். 40 நாள் முன்கணிப்பு என்றால், முதலில் கோட்டை அந்த நாளோடு வெட்டிவிட்டு அப்புறம் வழவழப்பாக்குங்கள்.

9. மாடல்

மிக எளிய இரண்டு மாடல்களில் தொடங்குங்கள். ஒன்று, அந்த இடத்தின் கடந்த ஐந்து ஆண்டுச் சராசரி. இன்னொன்று, உச்சப் பசுமையை மட்டும் வைத்து ஒரு நேர்கோடு. இவற்றின் பிழையை எழுதி வைத்துவிட்டு பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் ரேண்டம் ஃபாரஸ்ட், எக்ஸ்ஜிபூஸ்ட் பக்கம் போங்கள். சில நூறு வரித் தரவுக்கு நியூரல் நெட்வொர்க் தேவையில்லை. மர வகை மாடல்களுக்கு ஒரு எல்லை உண்டு: பழகிய தரவிலுள்ள மிகக் குறைந்த விளைச்சலுக்குக் கீழே ரேண்டம் ஃபாரஸ்ட் ஒருபோதும் கணிக்காது. வறட்சி ஆண்டே பார்க்காத மாடல் வறட்சியைச் சொல்லாது. புது ரகங்களால் விளைச்சல் ஆண்டுதோறும் கூடிவரும் பயிர் என்றால், அந்த ஏற்றத்தை முதலில் பிரித்தெடுத்துவிட்டு, மிச்சமுள்ள ஏற்ற இறக்கத்தைக் கணிக்கச் சொல்லுங்கள்.

10. ஒரு முழு ஆண்டை மறைத்துச் சோதியுங்கள்

எல்லா வரிகளையும் குலுக்கி ஐந்தில் ஒரு பங்கைச் சோதனைக்கு வைப்பது வழக்கம். இந்த வேலைக்கு அது பொருந்தாது. ஒரே ஆண்டில் பக்கத்துப் பக்கத்து வயல்கள் ஒரே மழையில் நனைந்தவை. ஒன்று மாடலைப் பழக்கும் தரவிலும் மற்றொன்று சோதனைத் தரவிலும் இருந்தால் மாடல் விடையைப் பார்த்துவிட்டுத்தான் தேர்வு எழுதுகிறது. நான் முதலில் இப்படித்தான் செய்தேன். முடிவு அழகாக இருந்தது, காட்டவும் செய்தேன். ஆண்டுவாரியாகச் சோதித்தபோது ஐந்து ஆண்டுச் சராசரியைவிடவும் என் மாடல் மோசமாக இருந்தது.

சரியான முறை: 2019-ஐ முழுதாக எடுத்து வைத்துவிட்டு மற்ற ஆண்டுகளில் பழக்கி, 2019-ஐக் கணியுங்கள். பிறகு 2020. இப்படி ஒவ்வொரு ஆண்டுக்கும். எத்தனை வயல் இருக்கிறது என்று எண்ணாமல் எத்தனை ஆண்டு இருக்கிறது என்று எண்ணுங்கள். 500 வயல், 3 ஆண்டு என்றால் வானிலையைப் பொறுத்தவரை உங்களிடம் இருப்பது மூன்று எடுத்துக்காட்டுகள்தான்.

கணிப்பு உண்மையோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் ஆர்-ஸ்கொயர் எண்ணைத் தனியாகப் பார்க்காதீர்கள். ஒரு மாவட்டத்தில் எப்போதும் 6 டன், இன்னொன்றில் எப்போதும் 3 டன் என்றால், எது எந்த மாவட்டம் என்று தெரிந்தாலே அந்த எண் உயர்ந்துவிடும். ஒவ்வொரு இடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்பதைக் கணித்து, அதில் பிழை எத்தனை கிலோ என்று பாருங்கள். மோசமான ஆண்டில் பிழை எவ்வளவு என்பதைத் தனியாக எழுதுங்கள்.

11. நாட்களைத் திட்டமிடுங்கள், எண்ணை வரம்போடு கொடுங்கள்

என் அனுபவத்தில் ஒருவர் முழுநேரமாகச் செய்தால்: அனுமதிக்கும் விளைச்சல் எண்களுக்கும் இரண்டு முதல் மூன்று மாதம், எல்லைச் சரிபார்ப்புக்கு ஒரு வாரம், படங்களுக்கு இரண்டு வாரம், மாடலும் சோதனையும் இரண்டு வாரம். களத்தில் புதிதாக எடை பார்க்க வேண்டுமென்றால் அறுவடை நாட்களைத் தவறவிடாதீர்கள். போனால் அடுத்த பருவம்தான்.

கணிப்பைக் கொடுக்கும்போது ஒற்றை எண்ணாகக் கொடுக்காதீர்கள். ஆண்டுவாரிச் சோதனையில் கிடைத்த பிழையை வைத்து, “4.1 முதல் 4.9 டன், கடைசிப் படம் எடுத்த தேதி இது, ஈரப்பதம் 14 சதவீதம்” என்று எழுதிக் கொடுங்கள். அறுவடை முடிந்ததும் உண்மை எடையை வாங்கி, கணிப்புக்குப் பக்கத்திலேயே அதே தாளில் எழுதி வையுங்கள். அடுத்த பருவத்துக்கு மாடலைப் பழக்கும்போது முதலில் தேடப்போவது அந்தத் தாளைத்தான்.